சுவர் முளைப்பதற்குள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குடையக் கூடாது. இந்தக் கதை ஒரு வாடிப்போன கொத்தமல்லிக் கட்டிலிருந்து வந்தது. ஆழ்ந்த அனுபவம், வாழ்க்கைத் தரிசனம் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கட்டைக் குப்பைக் கூடைக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தேன். என் நாத்தனார் அதை என் கையிலிருந்து பிடுங்கி ஒரு டம்ளர் தண்ணீரில் செருகிவைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணி. நிமிர்ந்துடும்."

"செத்ததெல்லாம் நிமிருமாடி?"

"யாரு சொன்னா செத்துதுன்னு? தண்ணி இல்லாம தொவண்டு கெடக்கு, அவ்வளவுதான். ஒவ்வொரு செல்லையும் சுத்தி ஒரு சுவர் இருக்கு. தண்ணி உள்ள போயி அந்தச் சுவர முட்டணும். முட்டினாத்தான் இலை நிமிரும்."

"சுவர் இல்லேன்னா?"

"தண்ணி போய்க்கிட்டே இருக்கும். வெடிச்சிடும்."

மழை வரும் என்று சொல்வதைப் போல இதைச் சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள். நான் அப்படியே நின்றேன். கழுவ வேண்டிய பாத்திரம் மலைபோலக் கிடந்தது. கிடந்தால் கிடக்கட்டும் என்று வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். நாற்பதைத் தாண்டியும் சின்னவள்தான். கணவர் இறந்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அண்ணன் என்பது என் வீட்டுக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பின்னறையில் அவளுக்கென்று ஒரு கட்டில், ஒரு மேசை, தேநீர் போட ஒரு மின்சாரக் கெட்டில். ஒரு தாவர ஆய்வகத்தில் வேலை. இலைச் செல்களைச் சுற்றியுள்ள சுவரைக் கரைத்து எடுப்பதுதான் அவள் தொழில். நானும் ஏதோ இரண்டு மூன்று சிறுகதைத் தொகுப்புகள் போட்டவள், ஆனால் இத்தனை வருடத்தில் அவளைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை யார் எழுதுகிறார்கள்?

2

தொடக்கம் ஒன்று: "அவள் சுவர்களை உடைக்கப் பிறந்தவள்."

(அடித்தாயிற்று. தேர்தல் சுவரொட்டி போல இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: "உயிருள்ள எல்லாவற்றுக்கும் சுவர் உண்டு, மனிதனைத் தவிர. அதனால்தான் மனிதன்..."

இந்த இடத்தில் சின்னவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். எழுதும்போது அப்படி நிற்கிறவர்களை எனக்குப் பிடிக்காது என்று பலமுறை சொல்லியாயிற்று. யார் கேட்கிறார்கள்?

"தப்பு," என்றாள்.

"என்ன தப்பு?"

"மாட்டுக்கு ஏது சுவர்? மீனுக்கு? மிருகம், பறவை, பூச்சி எதோட செல்லுக்கும் கெடையாது. செடிக்கு உண்டு. காளானுக்கு உண்டு. பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் உண்டு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் சரக்கு வேற. செடி சர்க்கரையக் கோத்து நூலாக்கிக் கட்டுது. காளான் சுவர்ல இருக்குறது வண்டோட ஓட்டுல இருக்கே, அதே பொருள். பாக்டீரியாவோடது வலைப்பை மாதிரி. நமக்கு ஊசி போடுறாங்கல்ல, அதுல சில மருந்து அந்த வலையப் பின்ன விடாமப் பண்ணிடும். நமக்குச் சுவரே இல்லாததால அந்த வேலைய நம்ம செல்லுல அதால காட்ட முடியாது."

"ரொம்ப நன்றி. என் வாக்கியம் செத்துப்போச்சு."

"தப்பா இருந்தா சாகட்டுமே."

(இங்கே ஒரு பக்கக் குறிப்பு. சுவர் என்று தலைப்பில் பார்த்ததுமே நீங்கள் ஒன்றை நினைத்திருப்பீர்கள். மனங்களுக்கு நடுவே சுவர், அன்பு வந்து அதை இடிக்கும், கண்ணீர், சுபம். நானும் அதைத்தான் எழுத இருந்தேன். சின்னவளிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சுவர கெட்ட வார்த்தையா ஆக்காதீங்க அண்ணி. எழுதறவங்க எல்லாருக்கும் சுவர்னா இடிக்கணும். அது இருக்குறதாலதான் ஒரு செல்லு வயிறு முட்டத் தண்ணி குடிக்க முடியுது. எலும்பே இல்லாம ஒரு மரம் நிக்குதே, எத வெச்சு நிக்குது?" அதனால் அந்தக் கதை உங்களுக்குக் கிடைக்காது. வேண்டுமானால் புத்தகத்தை இப்போதே மூடிவைத்துவிடலாம்.)

தொடக்கம் மூன்று: "மதிய வெயில் ஆய்வகத்து ஜன்னலில்..."

இது இருக்கட்டும்.

3

மதிய வெயில் ஆய்வகத்து ஜன்னலில் சோம்பலாகச் சாய்ந்திருந்தது. ஆய்வகக்காரி இலையைக் கவிழ்த்துப்போட்டு, பிளேடால் மயிரிழை அகலத்துக்குக் கீறினாள். கீற்றுகளை நொதிக் கரைசலில் மிதக்கவிட்டாள். அந்த நொதி ஒரு பூஞ்சணத்திலிருந்து எடுத்தது. காட்டில் விழுந்த இலைகளைத் தின்று பழகிய பூஞ்சணத்துக்குச் சுவரைக் கரைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டை மூடி இருட்டில் வைத்தாள். இனி அவளுக்கு வேலை இல்லை.

இருட்டுக்குள் முதலில் பசை இளகும். ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் ஒட்டிவைத்திருக்கும் பசை அது. பழம் பழுத்தால் விரலுக்கு அமுங்குகிறதே, அப்போதும் இளகுவது இதுதான். பிறகு சுவரே நூல் நூலாகப் பிரிந்து கரையும். தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். செல்களுக்கு மூலைகள் போய்க்கொண்டிருந்தன. செங்கல் அடுக்கியதைப் போல இருந்தவை ஒவ்வொன்றாக உருண்டையாகிப் பிரிந்து நழுவின. கண்ணாடி போன்ற உருண்டைகள், உள்ளே பச்சைப் பொட்டுகள். ஒன்றுக்கும் அவசரம் இல்லை. ஒன்று இன்னொன்றின் பக்கத்தில் வந்தது, தொட்டது, எதையோ மறந்துவிட்டதுபோல விலகிப் போனது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மொட்டைங்க வந்தாச்சா?" என்று பக்கத்து அறையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"வந்தாச்சு," என்றாள்.

(சுவர் போன செல்லுக்கு அங்கே மொட்டை என்றுதான் பெயர். ஆராய்ச்சிக் கட்டுரையில் வேறு பெயர் போடுவார்கள். அதை நான் எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

எதற்காக இந்த வேலை? வயலில் விளையும் செடி ஒன்று, நல்ல ருசி, ஆனால் நோய் வந்தால் படுத்துவிடும். காட்டில் அதற்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று, வாயில் வைக்க முடியாத கசப்பு, ஆனால் எந்த நோயும் அண்டாது. மகரந்தம் போட்டுப் பார்த்தால் இரண்டும் சேர மறுக்கின்றன. ஆகவே இரண்டின் சுவரையும் கரைத்துவிட்டு, மொட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டு ஒன்றாக்குவது. ஒன்றானதைப் பொத்திப் பொத்தி வளர்த்தால் ஒரு புதுச்செடி வரலாம். வராமலும் போகலாம். பெரும்பாலும் வராது.

ஒரே ஒரு விதி. மொட்டைகளைக் கழுவுவதற்குச் சர்க்கரைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வெறும் தண்ணீர் பட்டால் போச்சு. தண்ணீர் உள்ளே போகும், தடுக்கச் சுவர் இல்லை, வெடித்துவிடும். இரண்டும் ஒரே மாதிரிப் பாட்டிலில், ஒரே மாதிரி நிறமில்லாமல், ஒரே மேசையில் இருக்கும்.

கதை எழுதுகிற யாராவது இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்களா, சொல்லுங்கள்.

4

ஆய்வகக்காரி வெறும் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் எப்படி ஊற்றுவாள்? வருடக்கணக்காக இதே வேலை செய்கிறவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சரியான பாட்டிலைத்தான் எடுப்பாள். அவளை அசைக்க ஏதாவது வேண்டும். உடல்நலக் குறைவா? பழைய உத்தி. வேலை போகப்போகிறதா? அதற்கு மேலதிகாரி, சங்கம், மகஜர் என்று கூட்டம் சேர்ந்துவிடும். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு ஓர் ஆணைக் கொண்டுவந்தேன்.

ஒரு மரக்கடைக்காரர். ஒரு துண்டு மரத்தைக் கொண்டுவந்து "இது என்ன மரம்னு பாத்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டு ஆய்வகத்துக்குள் வந்தவர். அவரை ஏன் மரக்காரராக வைத்தேன் என்றால், மரம் முழுக்கச் சுவர். இது எனக்குத் தெரிந்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் ஏற்றும் செல் இருக்கிறதே, அது முதல் சுவருக்கு உள்பக்கமாகவே இன்னொரு சுவர் கட்டுகிறது. கட்டக் கட்ட உள்ளே இடம் குறுகுகிறது. கடைசியில் கெட்டியான பூச்சும் பூசிவிட்டு அது செத்துப்போகிறது. சுவர் மட்டும் நிற்கிறது. அந்தக் காலி வீடுகள் வழியாகத்தான் வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் போகிறது. நாம் உட்காரும் நாற்காலி, படுக்கும் கட்டில் எல்லாமே கட்டியவர்கள் போன பிறகு மிச்சமிருக்கும் சுவர்கள். செத்தவற்றின் சுவரோடு ஓர் ஆண், சுவரில்லாத உயிர்களோடு ஒரு பெண். ஜோடிப் பொருத்தம் பிரமாதம் என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

இப்படி எழுதினேன்:

"நான் வேற ஊருக்குக் கடைய மாத்துறேன்," என்றார் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "நீங்களும் வந்தா நல்லாயிருக்கும்."

"எங்க?"

"என்கூட."

அவர் போன பிறகு ஆய்வகக்காரி மேசைக்குத் திரும்பினாள். கை அதன்பாட்டுக்கு ஒரு பாட்டிலை எடுத்தது. ஊற்றியது. மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். உருண்டைகள் பெரிதாகிக்கொண்டிருந்தன. அடடா, எவ்வளவு அழகு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு ஒன்று காணாமல் போனது. பக்கத்தில் இன்னொன்று. சத்தமே இல்லை. வட்டம் இருந்த இடத்தில் பச்சைப் பொட்டுகள் மட்டும் சிதறிக் கலைந்தன. தட்டு முழுக்க ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தது. அவள் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சந்தேகமும் இருந்தது. உண்மையிலேயே ஒரு கைதேர்ந்தவள் இப்படிச் செய்வாளா? தெரிந்த ஆள் பின்னறையில் இருக்கும்போது நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? பக்கங்களை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினேன்.

5

அவள் கட்டிலில் சாய்ந்து படித்தாள். முதலில் சிரித்தாள். மொட்டை என்ற இடத்தில் "இத வேற போட்டாச்சா" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. கடைசிப் பக்கத்தை இரண்டாவது முறை படித்தாள். கெட்டில் கொதித்து அதுவாகவே நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.

"யாரு சொன்னா உங்ககிட்ட?"

"எத?"

"நான் தண்ணிய ஊத்தினத."

"நீ எங்கடி ஊத்தின? ஊத்தினது ஆய்வகக்காரி. நான் கட்டின கதை."

"போன வாரம் ஊத்தினேன் அண்ணி. மொத்தமும் போச்சு. எங்க மேடம்கிட்ட சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல, மறுபடி பண்ணிக்கலாம்னுட்டாங்க. வீட்டுல யாருகிட்டயும் மூச்சு விடல. அப்புறம் உங்களுக்கு எப்படி..." என்று என்னையே பார்த்தாள். அடுத்து, எழுத்தாளர்கள் கனவில் மட்டும் கேட்கிற வரம் போல, தானாகவே வாயைக் கொடுத்தாள்: "ஆனா மரக்கடைக்காரர் எல்லாம் கெடையாது."

"அப்ப யாரு?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோசனம்?

"அடிப்பாவி! யாருடி?"

"ஒருத்தரும் இல்ல. உங்க பொழப்பப் பாருங்க."

"என் பொழப்பே இதுதான். சொல்லு."

அவள் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். காது இரண்டும் சிவந்து கிடந்தன. பிறகு தலையணைக்குள்ளிருந்தே, "லென்ஸ் தொடைக்கிறவர்," என்றாள்.

ஆய்வகத்து மைக்ராஸ்கோப்புகளைச் சரிபார்க்க வருகிறவர். லென்ஸ்களைக் கழற்றி, துடைத்து, மாட்டிவிட்டுப் போகிறவர். வருடக்கணக்காக வருகிறார். இவளுடைய கருவியை எப்போதும் கடைசியாகத்தான் எடுப்பாராம். துடைத்து முடித்ததும் "பாருங்க, தெளிவா இருக்கான்னு" என்பாராம். இவள் குனிந்து பார்ப்பாள். "இருக்கு" என்பாள். இவ்வளவுதான் இத்தனை வருடத்துக் காதல். இதை நான் எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். இப்போது அவருடைய கம்பெனி அவரை வேறு நகரத்துக்கு மாற்றுகிறது. ஒரே இரவு ரயிலில் போய்ச் சேர முடியாத தூரம். போன வாரம் வந்தவர், துடைத்து முடித்துவிட்டு, "என்கூட வந்துடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை கடைசித் தடவை வருவார். அதற்குள் இவள் பதில் சொல்ல வேண்டும்.

"நல்லவரா?" என்றேன்.

"கண்ணாடிய எடுக்கறப்ப ரெண்டு கையாலயும் எடுப்பாரு," என்றாள். இது ஒரு பதிலா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"அண்ணி, ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"என்ன?"

"கதைய எழுதுங்க. முடிவ மட்டும் எழுதாதீங்க. போயிட்டான்னு எழுதினீங்கன்னா, அண்ணி நம்மள அனுப்பிவைக்கப் பாக்குறாங்கன்னு தோணும். இருந்துட்டான்னு எழுதினீங்கன்னா, பாவம் அண்ணி, நம்மள விட்டா அவங்களுக்கு யாரு இருக்கான்னு இருந்துடுவேன். உங்க எழுத்து எனக்குள்ள போயி உக்காந்துக்கும். எனக்கு என்ன வேணும்னு எனக்கே அப்புறம் தெரியாது."

செய்கிறேன் என்றேன்.

6

செய்யவில்லை. அன்று மாலையே இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: ஆய்வகக்காரி பெட்டியோடு நடைமேடையில் நிற்கிறாள். ரயில் வருகிறது. அரைப் பக்கம். அவள் பெட்டியில் என்ன இருந்தது என்றுகூட நான் யோசிக்கவில்லை.

முடிவு ஆ: அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். வீட்டில் வெளிச்சம், அடுப்பில் பால், அண்ணி, சிரிப்பு. நாலு பக்கம். நாலு பக்கமும் தேன்.

வாசகரே, உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியத்தான் நேரமாயிற்று. நான் நடுநிலையான ஆள் கிடையாது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவேன்? என் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் வேனில் முப்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் மௌனம்தான் வேண்டும். என் ஒவ்வொரு கதையையும் தோளுக்குப் பின்னால் நின்று படித்து "தப்பு" என்று சொல்லும் ஒரே ஜீவன் அவள்தான். நான் அவளை விடமாட்டேன் என்று என் பேனா எனக்கு முன்பே முடிவு கட்டியிருந்தது.

(அன்று இரவு கண்ணயர்ந்தபோது ஒரு கனவு வந்தது. கனவைக் கதையில் போடாதே என்று எல்லோரும் சொல்வார்கள். போடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் சுவர் இல்லை. எல்லாரும் அவரவர் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மிதந்துபோனார். சின்னவள் ஒரு பச்சை வெளிச்சமாக என்னைத் தொட்டாள். தொட்ட இடத்தில் நான் எங்கே முடிகிறேன், அவள் எங்கே தொடங்குகிறாள் என்று தெரியவில்லை. முதலில் சுகமாக இருந்தது. பிறகு நான் என் கையைத் தேடினேன், கிடைக்கவில்லை. அலறியிருக்கிறேன் போல. விழித்தபோது தலைமாட்டில் தண்ணீர்ச் செம்போடு அவள் நின்றிருந்தாள்.)

கனவைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நாளைக்கு என்கூட ஆய்வகத்துக்கு வாங்க," என்றாள்.

7

போனேன். மைக்ராஸ்கோப் அறையில் திரையை இழுத்துவிட்டாள். பகலிலேயே அங்கே இருட்டு. புதிதாக எடுத்த மொட்டைகளை வளரவிட்டு, சுவரைக் காட்டும் சாயம் ஒன்றைச் சேர்த்திருந்தாள். "இங்க குனிங்க. கண்ண இடுக்காதீங்க," என்றாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கருப்புக்குள் மெல்லிய நீல வளையம் ஒன்று. முழுமையாக இல்லை, அங்கங்கே அறுந்து, யாரோ இருட்டில் வரைந்துகொண்டே போய் நடுவில் யோசிக்க நின்றதுபோல. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. கண் பழகப் பழகத் தட்டு முழுக்க நீலக் கோடுகள். எங்கோ உயரத்திலிருந்து உறங்கும் ஊரைப் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு.

"மறுபடி கட்டுதுங்க," என்றாள் சின்னவள். "யாரும் சொல்லல. நொதியக் கழுவி விட்டா போதும், கட்ட ஆரம்பிச்சிடும். இது முழுசா முளைக்கிறதுக்குள்ள ரெண்டு மொட்டைய ஒட்டவெச்சா ஒண்ணாயிடும். முளைச்சுட்டா அப்புறம் ஒட்டாது."

"அதனாலதான் வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்ல உனக்கு இவ்வளவு அவசரமா?"

"அவசரம் இல்ல அண்ணி. பயம்." திரை ஓரத்தில் கசிந்த வெளிச்சத்தில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது. "ஒண்ணாயிட்டா எது எதுன்னு தெரியாது. மொத கல்யாணத்துல நான் அப்படித்தான் இருந்தேன். அவருக்குப் பிடிச்சது எனக்குப் பிடிக்கும். அவரு தூங்கினா எனக்குத் தூக்கம் வரும். அவரு போனப்ப என்னையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டாரு. உங்க வீட்டுக்கு வந்தப்ப நான் எப்படி இருந்தேன்னு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. எந்த அறையில் விட்டாலும் அதே அறையில் இருப்பாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். போதும் என்று சொல்லத் தெரியாமல் தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிடுவாள். ஒருநாள் கடைக்குப் போய்த் தனக்கென்று அந்தக் கெட்டிலை வாங்கிவந்தாள். எங்கள் அடுப்படியில் இல்லாத தேநீரா என்று அன்று எனக்கு வருத்தம்கூட வந்தது.

"இப்பத்தான் எனக்குன்னு ஒரு சுவர் இருக்கு," என்றாள். "அத மறுபடி கரைக்கச் சொன்னா முடியாது."

"லென்ஸ் தொடைக்கிறவரு கரைக்கச் சொன்னாரா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"இல்ல," என்றாள். "வர்றீங்களான்னுதான் கேட்டாரு."

(பக்கக் குறிப்பு: சுவர் முளைத்துவிட்டால் எல்லாம் முடிந்துபோகும் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படி நினைத்து, ஒரு சோகமான வரிகூட எழுதிவைத்திருந்தேன். அதையும் அவள் அடிக்கச் சொல்லிவிட்டாள். செடிக்குள்ளே ஒரு செல் இரண்டாகும்போது நடுவில் சுவர் எழும்புகிறது. எழும்பும்போதே அதில் நுண்ணிய வாசல்களை விட்டுத்தான் கட்டுகிறது. பெரும்பாலும் பிறகு துளைப்பதில்லை, முதலிலேயே விட்டுவிடுகிறது. அந்த வாசல்கள் வழியாக இந்த வீட்டு உயிர்ச்சாறு அந்த வீட்டுக்கு ஓர் இழையாகப் போய்வருகிறது. அவரவர் சுவர் அவரவருக்கு. ஆனாலும் ஒரு முழுச் செடியும் ஒரே பேச்சு.)

"அப்படி ஒரு கல்யாணம் உண்டா அண்ணி?" என்று கேட்டாள்.

"உங்க அண்ணன் சாயங்காலம் ஒரு வார்த்தை பேசமாட்டாரு. ஆனா நான் ஒரு கதைய முடிச்ச அன்னிக்கு மட்டும் எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு, கேக்காமலே பாத்திரத்தக் கழுவி வெச்சிடுவாரு," என்றேன். "அது வாசலா என்னன்னு எனக்குத் தெரியாது."

இருட்டில் அவள் சிரித்தது கேட்டது.

8

இன்று வெள்ளிக்கிழமை.

காலையில் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்: "ரெண்டு முடிவு எழுதியிருந்தேன். ரெண்டையும் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"எழுத மாட்டேன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்."

"இருந்துட்டான்னு எழுதினது எத்தன பக்கம்?"

"நாலு."

"போயிட்டான்னு எழுதினது?"

"அர."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். "எழுத்தாளரா சொல்ல வேணாம். என் அண்ணியா சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"நீ இங்கயே இருக்கணும்," என்றேன். "தெனமும் என் தோளுக்குப் பின்னால வந்து நின்னு தப்பு தப்புன்னு சொல்லணும். எனக்கு அதுதான் வேணும். ஆனா அது என் ஆச. நான் சொமந்துக்குறேன். நீ சொமக்காத."

"போயிட்டா அழுவீங்களா?"

"அழுவேன். அழுதா என்ன? நான் வெடிச்செல்லாம் போயிட மாட்டேன்."

பாத்திரம் கழுவிய என் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் சொன்னேன். போய்விட்டாள்.

மற்றதெல்லாம் நடந்த பிறகு எழுதினேன். இதை நடக்க நடக்க எழுதுகிறேன். சாயங்கால வெயில் சமையலறைத் தரையில் நீளமாகக் கிடக்கிறது. இந்நேரம் அவர் எல்லா லென்ஸ்களையும் துடைத்து முடித்திருப்பார். அவளுடையதைக் கடைசியாகக் கையில் எடுத்திருப்பார். தெளிவாக இருக்கிறதா என்று கேட்டிருப்பார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து,

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கக் கூடாது.)

உங்கள் கை பரபரக்கிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் முடித்துக்கொள்ளலாம், நான் தடுக்க முடியாது. போக வைக்கலாம், இருக்க வைக்கலாம், அவரை இந்த ஊரிலேயே நிறுத்திவைக்கலாம், கம்பெனிக்கு ஒரு தந்தி அடிக்கலாம். ஆனால் எழுதுவதற்கு முன்னால் எத்தனை பக்கம் எழுதுகிறீர்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். எந்த முடிவு உங்களுக்கு நீளமாக வருகிறதோ அது உங்களுடைய ஆசை. அதற்கு அவளைக் கூலியில்லாமல் வேலை வாங்காதீர்கள்.

வாசல் கேட் சத்தம் கேட்கிறது. அவளாகத்தான் இருக்கும். ஓடி வருகிற மாதிரி இருக்கிறது, அவள் ஓடி நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கவில்லை. கூடத்தைத் தாண்டிவிட்டாள். இதோ, என் தோளுக்குப் பின்னால் மூச்சு வாங்குகிறது. நான் திரும்பவில்லை. முகத்தைப் பார்த்தால் எழுதிவிடுவேன்.

"அண்ணி, எழுதிக்கிட்டா இருக்கீங்க?"

ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

"அத மூடுங்க. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லணும்னு ஓடி வந்தேன். கதைக்கிட்ட இல்ல."

மூடுகிறேன்.